மனோன்மணியும் மணமகளும்
இஸ்லாமிய மெய்ஞ்ஞானப் பாடல்களும் பால்புதுமையினர் வாழ்வும்

தமிழ்ப் பக்தி இலக்கியத்தை ஓரளவேனும் பயின்றோர் நாயகன் நாயகி பாவத்தை அறியாதிரார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடினார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிப் பாடினார். மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் அகத்துறைகளையே ஞானத்துறைகளாக்கிக் காட்டினார். நம் காலத்துக்கு அணித்தான பாரதியோ கண்ணனைக் காதலனாகவும் பாடினார், காதலியாகவும் பாடினார். முறுக்கு மீசையும் முண்டாசுமாய் நாம் மனத்தில் பதித்து வைத்திருக்கும் அப்பெருங்கவிஞர் பெண்ணாகி நின்று ஏங்குவதைக் கேட்டு நம்மில் எவரும் முகம் சுளித்ததில்லை. மேடைதோறும் அப்பாடல்களை இசைக்கச் சொல்லி மகிழ்கின்றோம்.

இதே துறையில் முஸ்லிம் ஞானியரும் புலவரும் பாடியவை பல உள. அவை நம் சங்க விழாக்களில் அருகியே ஒலிக்கின்றன. அப்பாடல்கள் சிலவற்றை ஈண்டு நினைவூட்டி, அவற்றின் துணைகொண்டு இன்றைய வினா ஒன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா இதுதான். ஒருவர் தம் பாலினத்தவரிடமே தமக்கு ஈர்ப்பு இருப்பதை உணர்கிறார்; அல்லது பிறந்தபோது பிறர் குறித்த பால் தம்முடையதன்று என உணர்கிறார். இத்தகையோரை இக்காலத் தமிழ் 'பால்புதுமையினர்' என்று அழைக்கிறது. அவரே ஐவேளைத் தொழுகையையும் ரமலான் நோன்பையும் விட மனமில்லாத முஸ்லிமாகவும் இருக்கிறார். இவ்விரண்டும் ஓர் உள்ளத்தில் குடியிருக்க இயலுமா? 'இயலாது, ஒன்றை விட்டொழி' என்று இருபுறத்திலிருந்தும் அவருக்குச் சொல்லப்படுகிறது. மார்க்கம் அறிந்தோர் சிலர் ஈர்ப்பை விடச் சொல்கின்றனர். முற்போக்கு நண்பர் சிலர் மார்க்கத்தை விடச் சொல்கின்றனர். இரண்டையும் விட இயலாதவர் எங்கே செல்வார்?

தமிழ்ச் சங்க மலருக்கும் இவ்வினாவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் ஐயுறலாம். தொடர்பு இரண்டு. நம் இலக்கியம் இது குறித்துச் சொல்லத்தக்க செய்திகளை உடையது என்பது ஒன்று. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம் குடும்பங்களில், எச்சமயக் குடும்பமாயினும், இத்தகைய பிள்ளைகள் பிறக்கத்தான் செய்கின்றனர் என்பது மற்றொன்று.

குணங்குடியார் கண்ட மனோன்மணி

இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடி என்னும் சிற்றூரில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். மார்க்கக் கல்வியில் தேர்ந்து, காதிரிய்யா ஞானநெறியில் தீட்சை பெற்றவர். மாமன் மகளை மணம் முடிக்க வீட்டார் விழைந்தபோது அதனை மறுத்து, இல்லறம் துறந்து காடும் மலையும் திரிந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. இறுதியில் சென்னையை அடைந்து 1838இல் அங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்த அவரை மக்கள் 'தொண்டியார்' என அழைக்க, அவர் தங்கிய பகுதியே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது வழிவழி வரும் நம்பிக்கை. 'மஸ்தான்' என்பது இறைக்காதலால் மதிமயங்கியவரைக் குறிக்கும் பாரசீகச் சொல்வழி வந்த பெயர். சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப் பெருமாளையர் இவர்மீது நான்மணிமாலை பாடினார் என்பதிலிருந்தே இவர் பெருமை விளங்கும்.

தாயுமானவரைப் பின்பற்றிப் பராபரக்கண்ணி பாடிய குணங்குடியார், அதனோடு நில்லாமல் மனோன்மணிக் கண்ணியும் பாடினார். மனோன்மணி என்பது சைவ, சாக்த மரபில் சக்தியின் பெயர்; யோக நூல்களிலோ மனம் ஒடுங்கிய உயர்நிலையின் பெயர். அப்பெயரால் இறைவனைப் பெண்ணாக விளித்து, பிரிவாற்றாது புலம்பி, கூடலை வேண்டுகிறார் கவிஞர். ஆழ்வார் தாம் பெண்ணாகி இறைவனை ஆணாகக் கண்டனர்; குணங்குடியாரோ தாம் ஆணாகவே நின்று இறைவனைப் பெண்ணாகக் காண்கிறார்.

இதன் துணிவை நாம் முழுதும் உணர வேண்டுமாயின் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இஸ்லாம் இறைவனுக்கு உருவமும் இணையும் கற்பியாத சமயம். ஆண், பெண் என்னும் பாகுபாட்டுக்கு அப்பாற்பட்டவன் அல்லாஹ் என்பது அதன் அடிப்படை. அத்தகைய சமயத்தில் நின்றுகொண்டு, பிற சமயத்துப் பெண் பெயர் ஒன்றை எடுத்து, அதனைக் காதலியின் பெயராக்கிப் பாடுவது எளிய செயலன்று. ஆயினும் அவரை அச்சமயம் இழக்கவில்லை. அவருடைய தர்காவில் இன்றும் பாத்திஹா ஓதப்படுகிறது. பாடல்கள் அச்சேறி வந்துகொண்டேயிருக்கின்றன.

தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் தர்காவில் மக்கள் கூடியமர்ந்து இரவு முழுவதும் அப்பாடல்களைப் பாடுகின்றனர். ஆகவே மெய்ஞ்ஞானப் பாடல் மரபு ஏட்டளவில் உறங்கிக் கிடப்பதன்று. நம் மக்களின் நாவில் உயிரோடு இருக்கிறது.

வளையல் அணிந்த ஞானியர்

தமிழகத்துக்கு வெளியே சென்றால் இம்மரபு மேலும் விரிகிறது. இன்று கருநாடகத்திலுள்ள விஜயபுரம், பீஜப்பூர் எனும் பெயரில் அடில்சாகி அரசர்களின் தலைநகராய் விளங்கிய 17ஆம் நூற்றாண்டில், அங்கே ஹாஷ்மி என்னும் புலவர் வாழ்ந்தார். கண்பார்வை அற்றவர். தக்கண உருதுவில் பெண்ணின் குரலில், பெண்கள் வீட்டுக்குள் பேசும் மொழியிலேயே கஜல்கள் இயற்றினார். இவ்வகை பின்னர் இலக்னோவில் 'ரேக்தி' எனப் பெயர் பெற்றது. ஆண் புலவர் பெண் குரலில் பாடிய அப்பாடல்களுள் பெண்ணுக்குப் பெண் மீதுள்ள காதலைப் பாடுவனவும் உண்டு.

இலாகூரில் வாழ்ந்த ஷா உசேன் (1538–1599) பஞ்சாபி மொழியில் பெண் குரலில் காபிப் பாடல்கள் பாடிய சூபி. மாதோ லால் என்னும் பிராமண இளைஞர்மீது அவர் கொண்ட அன்பு பெரும் புகழ் பெற்றது. இருவர் கல்லறைகளும் ஒரே தர்காவில் அடுத்தடுத்து உள்ளன. இருவர் பெயரையும் சேர்த்து 'மாதோ லால் உசேன்' என ஒரே பெயராகவே மக்கள் வழங்குகின்றனர். ஆண்டுதோறும் அங்கே விளக்குத் திருவிழா நடைபெறுகிறது.

அகமதாபாத்தில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கூறப்படும் மூசா சுகாக் என்பவரின் கதை இன்னும் வியப்புக்குரியது. இறைவனையே மணாளனாகக் கொண்டு மணப்பெண்ணின் உடையும் வளையலும் அணிந்து வாழ்ந்தவர் அவர். நாட்டில் மழை பொய்த்தபோது மன்னரும் காஜியும் அவரிடம் வந்து வேண்ட, மழை பெய்யாவிடில் தம் வளையல்களை உடைத்துக்கொள்வதாக அவர் இறைவனிடம் முறையிட்டார் என்றும், உடனே மழை பொழிந்தது என்றும் சொல்வர். மனைவி கைம்பெண்ணாவதை எந்தக் கணவன் பொறுப்பான் என்பது அம்முறையீட்டின் உட்பொருள். அவர் வழி வந்த பக்கீர்கள் நெடுங்காலம் வளையல் அணிந்தே வாழ்ந்தனர்.

இக்கதை வரலாறா, புனைவா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. வளையல் அணிந்த ஆண் ஒருவரை இறைவனுக்கு நெருக்கமானவராகக் கருதி, அவருக்கு அடக்கத்தலம் எழுப்பி, கதை சொல்லிப் போற்றிய ஒரு முஸ்லிம் சமுதாயம் நம் நாட்டில் இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

'தத்துவம்' என்னும் திரை

இப்பாடல்களை எடுத்துரைக்கும்போதெல்லாம் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கும். 'இவையெல்லாம் தத்துவம், சீவான்மா பரமான்மாவை நாடுவதன் உருவகம், உடலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை' என்பதே அம்மறுமொழி. இதனைப் பொய்யென்று தள்ள இயலாது. பாடியவர்களே அவ்வாறு சொல்லியுள்ளனர். ஸ்பெயின் நாட்டில் பிறந்த பெருஞானி இப்னு அரபி (1165–1240) தாம் பாடிய காதற் பாடல்களைச் சிலர் சிற்றின்பப் பாடல்கள் என்று பழித்தபோது, அவற்றுக்குத் தாமே ஞான உரை எழுதிக் காட்ட நேர்ந்தது. திருக்கோவையாருக்கு நம் உரையாசிரியர்கள் செய்ததும் ஏறத்தாழ இத்தகைய பணியே.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. உருவகம் என்பது ஒரு பொருளை வைத்து மற்றொரு பொருளைச் சொல்வது. வைக்கப்பட்ட பொருள் இழிவானதாயின், அதைக்கொண்டு உயர்பொருளைச் சொல்லக் கவிஞர் ஒருப்படுவாரா? பிரிவுத் துயர் எத்தகையது என்பதை அறியாத ஒருவருக்கு மனோன்மணிக் கண்ணி வெறும் ஓசையாகவே நிற்கும். காதலின் வெம்மை உண்மையானது, மதிப்புக்குரியது என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அதனை இறைவன்பால் திருப்ப முடியும். உடலை முற்றிலும் நீக்கிவிட்டுத் தத்துவத்தை மட்டும் வடித்தெடுப்போர் நெய்யைக் கீழே கொட்டிவிட்டு விளக்கைப் போற்றுவோர் ஆவர்.

இதற்கு நேரெதிரான பிழை ஒன்றும் உண்டு. குணங்குடியாரையும் ஷா உசேனையும் இன்றைய பொருளில் 'பால்புதுமையினர்' என்று முத்திரை குத்துவது அப்பிழை. அக்காலத்தவர் தம்மை அவ்வாறு எண்ணவில்லை. அப்படிப்பட்ட சொல்லும் அவர்களிடம் இல்லை. குணங்குடியார் திருமணத்தை மறுத்தது துறவின் பொருட்டு. அதற்கு வேறு காரணம் கற்பிக்க நமக்குச் சான்றில்லை. இறந்தவர் மறுமொழி கூற மாட்டார் என்பதால் அவர் வாயில் நம் சொல்லை வைப்பது திறனாய்வாகாது.

இவ்விரு பிழைகளையும் விலக்கி நடந்தவர் வரலாற்றாசிரியர் சலீம் கித்வாய் (1951–2021). தில்லிப் பல்கலைக்கழகத்தின் ராம்ஜாஸ் கல்லூரியில் இடைக்கால வரலாறு பயிற்றுவித்தவர். தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதை ஒளியாதவர். ரூத் வனிதாவுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அவர் தொகுத்தளித்த நூல், இந்திய மொழிகள் பலவற்றிலிருந்து ஒருபால் அன்பைப் பேசும் பகுதிகளை மொழிபெயர்த்துத் தந்தது. பாரசீக, உருதுப் பகுதிகள் அவருடைய பொறுப்பு. அந்நூலால் தெளிவாகும் செய்தி ஒன்று: நம் நாட்டில் இவ்வன்பைக் குற்றமாக்கிய எழுத்து 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. அதன் பின்னரே நம்மவரும் தம் பழம்பாடல்களைக் கண்டு நாணத் தொடங்கினர். உருதுத் திறனாய்வின் முன்னோடியான ஹாலி 1893இல் வெளியிட்ட நூலில் கஜலில் காதலன் ஆணாக வருவதைக் கண்டித்தார். ரேக்திப் பாடல்கள் பாடத்திட்டங்களிலிருந்து மெல்ல மறைந்தன. அந்த நாணத்தைத் தொன்றுதொட்டு வந்த பண்பாடு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மார்க்கச் சட்டம் கூறுவது

பாடலில் இடமிருந்தால் சட்டத்திலும் இடமுண்டு என்று முடிவு கட்டிவிடலாகாது. லூத் நபியின் மக்கள் அழிந்த வரலாறு திருக்குர்ஆனில் பல அதிகாரங்களில் வருகிறது. ஆணோடு ஆண் கூடுவதை இது தடை செய்கிறது என்பதே எல்லா மத்ஹபுகளின் மரபான முடிவு. பெரும்பான்மையான உலமாக்கள் இன்றும் அம்முடிவிலேயே நிற்கின்றனர். இதனை மறைப்பது நேர்மையாகாது.

எனினும் மரபு என்று நாம் சொல்வது ஒரே குரலில் பேசுவதன்று. நபிகள் நாயகத்தின் காலத்து மதீனாவில் 'முகன்னத்' எனப்பட்ட, பெண் சாயல் கொண்ட ஆடவர் வாழ்ந்தமையை ஹதீஸ்கள் கூறுகின்றன. இவர்களைப் பற்றி விளக்கம் எழுதிய இமாம் நவவி (மறைவு 1277), பிறவியிலேயே அவ்வியல்பு அமைந்தவர்மீது குற்றமோ பழியோ இல்லை என்றும், வேண்டுமென்றே அவ்வாறு நடிப்போரையே ஹதீஸ் கண்டிக்கிறது என்றும் பிரித்துக் காட்டினார். இமாம் நவவி ஷாபிஈ மத்ஹபின் தூண்களுள் ஒருவர். காயல்பட்டினம், கீழக்கரை முதலான நம் கடற்கரை ஊர் முஸ்லிம்கள் பெரும்பாலும் அம்மத்ஹபினர். ஆகவே அவருடைய சொல் நம்மவர்க்கு அயலார் சொல்லன்று. செயலைப் பற்றிய சட்டத்தை அவர் தளர்த்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் இயல்பைக் குற்றமாக்க மறுத்தார். நம் வீடுகளில் ஒரு சிறுவன் நடை குழைந்தது என்பதற்காக அடிபடுகிறானே, அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த இமாமிடத்தும் ஒப்புதல் இல்லை.

இக்கால அறிஞருள் ஸ்காட் சிராஜுல் ஹக் குகல் 2010இல் வெளியிட்ட நூலில் லூத் நபி வரலாற்றைப் புதிதாக விளக்கினார். விருந்தினர்மீது வன்முறை செய்தல், வழிப்பறி, நபியை மறுத்தல் ஆகியவையே அம்மக்களின் குற்றம். மனமொத்த அன்பு அங்கே பேசப்படவில்லை என்பது அவர் வாதம். இதனை உலமாக்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்பதும் மறுப்பதும் மார்க்க அறிஞர்க்கு உரியவை. ஒன்றை மட்டும் நாம் குறிப்பிடலாம். இவ்வாதத்தை எழுதியவர் மார்க்கத்தை விட்டு வெளியேறி நின்று எழுதவில்லை. திருக்குர்ஆனைத் தமக்குரிய நூலாகக் கொண்டே எழுதினார்.

அவ்வாறே உள்ளிருந்து பேசிய மற்றொருவர் தென்னாப்பிரிக்காவின் இமாம் முஹ்சின் ஹென்றிக்ஸ். பாகிஸ்தானில் மார்க்கக் கல்வி பயின்றவர். 1996இல் தம் இயல்பை வெளிப்படையாக அறிவித்து, வேறு பள்ளிவாசல்களில் இடம் கிடையாதோர் வந்து தொழத்தக்க பள்ளி ஒன்றைக் கேப் டவுன் நகரில் நடத்தி வந்தார். 2025 பிப்ரவரி 15ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏட்டில் எழுதும் விளக்கத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரும் காலம் இது என்பதனை மறவாமல்தான் இப்பொருளைப் பேச வேண்டும்.

ஜமாஅத்தும் வீடும்

தமிழ் முஸ்லிம் ஒருவருக்கு மார்க்கம் என்பது உள்ளத்து நம்பிக்கை மட்டுமன்று. அது ஊர் ஜமாஅத்தும் ஆகும். நிக்காஹ் எழுதப்படும் பதிவேடு ஜமாஅத்திடம் உள்ளது. இறந்தால் அடக்கும் மையவாடியும் அதனிடமே உள்ளது. எனவே ஊரார் ஒருவரை விலக்கினால் அவருடைய மணமும் மரணமும் ஒருங்கே தெருவில் நிற்கும். கவிஞர் எச்.ஜி. ரசூல் 2007ஆம் ஆண்டு தக்கலையில் ஊர்விலக்கத்துக்கு ஆளானார். காரணம் வேறு, மதுவும் இஸ்லாமும் குறித்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று. ஆயினும் பீர் முகம்மது அப்பாவின் துணிந்த பாடல்களை இரவெல்லாம் பாடும் அதே ஊர், எழுத்துக்காக ஒரு கவிஞரைத் தள்ளிவைத்தது என்பது சிந்திக்கத்தக்கது. கட்டுரை ஒன்றுக்கே இந்நிலை எனில், தம் இயல்பை வெளிப்படுத்த ஓர் இளைஞர் அஞ்சுவதில் வியப்பென்ன?

அவ்வச்சத்தோடு ஊரைவிட்டு வருவோரைப் பெருநகரங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பெங்களூரில் 1999இல் தொடங்கப்பெற்ற 'சங்கமா' என்னும் அமைப்பு இத்தகையோருக்குத் துணை நின்றது. நாமக்கல் பகுதியில் பிறந்து, தில்லி, மும்பை என அலைந்து, இந்நகருக்கு வந்து அவ்வமைப்பில் பணியாற்றியவர் திருநங்கை ரேவதி. திருநங்கையரின் அனுபவங்களைத் திரட்டி 2004இல் அவர் வெளியிட்ட 'உணர்வும் உருவமும்', தம் வாழ்வையே எழுதிய 'வெள்ளை மொழி' (2011) ஆகிய இரண்டும் தமிழுக்குப் புதியவை. வாழ்க்கை வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010லேயே வெளிவந்தது. து. சரஸ்வதி செய்த கன்னட மொழிபெயர்ப்பு நாடகமாகவும் மேடையேறியது. கன்னட மண்ணில் வாழ்ந்து தமிழில் எழுதி இரு மொழியாராலும் போற்றப்பட்ட நூலாசிரியர் என்ற முறையில் ரேவதி நம் சங்கத்தாரின் தனிக் கவனத்துக்கு உரியவர்.

ரேவதி முஸ்லிம் அல்லர். எனினும் அவர் காட்டும் திருநங்கையர் வீடுகளின் வழக்கங்களில் நம் கட்டுரைப் பொருளுக்குரிய அரிய செய்தி ஒன்று உண்டு. அங்கே குருவும் சேலாக்களும் உள்ளனர். வழக்குத் தீர்க்கக் கூடும் அவைக்குப் பெயர் ஜமாஅத். இளையவர் மூத்தவரைக் கண்டதும் சொல்லும் 'பாம்படுத்தி' என்பது, கால் விழுகிறேன் எனும் பொருள்படும் இந்துஸ்தானித் தொடரின் திரிபு. மாதாவை வணங்குவோர் ஆஜ்மீர் தர்காவுக்கும் செல்வர். ஐதராபாத்துத் திருநங்கையரைப் பற்றி ஆய்ந்து 2005இல் நூல் வெளியிட்ட காயத்ரி ரெட்டி, தம்மை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொள்வோர் அவ்வீடுகளில் மாதாவையும் விடாது வழிபடுவதை எழுதியுள்ளார். பெற்ற வீடும் ஊர் ஜமாஅத்தும் கைவிட்டோர், அதே பெயரில் தமக்கென ஒரு ஜமாஅத்தை அமைத்துக்கொண்டனர். நோயில் பார்ப்பதும் இறப்பில் அடக்குவதும் அதன் பொறுப்பாயின. சமயத்தையும் இயல்பையும் ஒருங்கிணைக்கும் வழியை அறிஞர் நூலில் தேடிக்கொண்டிருந்தபோது, எழுத்தறியாத பலர் அதனை வாழ்ந்தே காட்டிவிட்டனர்.

இவ்வழியையும் குறையற்றதாகப் புகழ்ந்துவிட வேண்டா. குருவுக்குக் கட்டுப்படும் கடன், கடைகேட்டும் உடலை விற்றும் பிழைக்கும் இழிநிலை, காவலரின் அடி ஆகியவற்றை ரேவதி ஒளிக்காமல் எழுதுகிறார். அவருடைய உரைநடை அணியற்றது. பேச்சின் போக்கில் செல்வது. அதுவே அதன் வலிமை. ஊருக்குத் திரும்பியபோது உடன்பிறந்தாரிடம் பட்ட அடியை அவர் சொல்லும் பகுதியைப் படித்து முடித்தபின், நம் குடும்பப் பாசம் பற்றிய மேடைப்பேச்சு எதுவும் செவிக்கு இனிமையாக இராது. தவிரவும், இவ்வீடுகள் திருநங்கையர்க்கே உரியவை. ஆணாகவே வாழ்ந்து ஆணை விரும்பும் ஒருவருக்கோ, பெண்ணை விரும்பும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கோ அங்கே இடமில்லை. பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. முஸ்லிம் பெண்களின் உடலும் விருப்பமும் கதவுக்குப் பின்னே எவ்வாறு பேசப்படுகின்றன என்பதைத் தமிழ் வாசகர் முழுமையாகக் கேட்கவே சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவர வேண்டியிருந்தது.

கரகமும் மஸ்தான் தர்காவும்

பெங்களூரில் வாழும் நமக்குக் கண்ணெதிரே ஒரு காட்சி ஆண்டுதோறும் நிகழ்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. அதனை நடத்துவோர் திகளர் சமூகத்தினர். தமிழகத்திலிருந்து வந்தோராகக் கருதப்படுபவர். தமிழ் கலந்த மொழி பேசுவோர். கரகம் சுமக்கும் பூசகர் ஆண். அவர் திரௌபதியாகி, சேலை உடுத்தி, வளையல் அணிந்து, பூச்சூடி, தாலியும் பூண்டு நடக்கிறார். உருவிய வாளோடு வீரகுமாரர் சூழ்ந்து வருகின்றனர். அவ்வூர்வலம் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் செல்லாமல் நிறைவெய்துவதில்லை. ஹைதர் அலியின் காலத்தவர் எனக் கூறப்படும் சூபி அவர். பெண்கோலம் பூண்ட ஆணை முஸ்லிம் ஞானியின் அடக்கத்தலம் வாயில் திறந்து வரவேற்கிறது.

கரகம் சுமப்பவர் மனைவி மக்களோடு வாழும் இல்லறத்தார். அவ்வொரு விழாவுக்கே அக்கோலம். அவரைப் பால்புதுமையினர் என்பது பொருந்தாது. இதில் நாம் காண்பது வேறு. பாடலில் நாம் ஏற்றுக்கொண்டதை இந்நகரம் தெருவிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வளையல் அணிந்த ஆண் தெய்வத்தன்மை உடையவராகலாம் என்பதும், அவர் தர்கா வாயிலில் நிற்கலாம் என்பதும் இந்நகர மக்களுக்குப் புதிய கருத்தல்ல. அதே மக்கள் மறுநாள் போக்குவரத்து விளக்கருகே கைதட்டி நிற்கும் திருநங்கையைக் கண்டு பேருந்தின் சன்னலை மூடுகின்றனர். ஓர் இரவுக்கு அளித்த மதிப்பை ஏனைய நாள்களுக்கு ஏன் நீட்டவில்லை என்பதே வினா.

முடிவுரை

உச்ச நீதிமன்றம் 2014இல் திருநங்கையரும் திருநம்பியரும் தம் பாலினத்தைத் தாமே கூறும் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் 377ஆம் பிரிவின் கொடுமையிலிருந்து மனமொத்த பெரியோரை விடுவித்தது. 2023இல் திருமண உரிமையை வழங்க மறுத்தது. நீதிமன்றம் தருவதும் மறுப்பதும் இவ்வளவே. பிள்ளை உண்ணும் தட்டை வீட்டில் எடுத்து வைப்பதா, வெளியே எறிவதா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க இயலாது.

மார்க்கத்தில் இதற்கு முடிவான விடை இன்னதென்று கூறும் தகுதி இலக்கிய வாசகராகிய நமக்கு இல்லை. வாசகர் என்ற முறையில் கூறத்தக்கது ஒன்றுண்டு. காதலியாக இறைவனை அழைத்த கவிஞரையும் மணமகளாகத் தன்னை அலங்கரித்த ஞானியையும் முஸ்லிம் சமுதாயம் பல நூற்றாண்டுகள் தன் மடியிலேயே வைத்திருந்தது. அப்பாடல்கள் யாருடைய இயல்புக்கும் சட்டச் சான்றிதழ் தாரா. ஆனால் தொழுகைப் பாயில் அமர்ந்து தன் உள்ளத்தை இறைவன்முன் ஒளிக்காமல் வைக்க விழையும் ஒருவருக்கு அவை மொழியைத் தரும். தன் ஏக்கத்தைச் சொல்லத் தமிழில் முன்னரே சொற்கள் இருக்கின்றன என்று அறிவது சிறிய ஆறுதலன்று. அச்சொற்களை வைத்துக்கொண்டு வாழ முயல்வோரிடம் 'உன் நம்பிக்கை பொய்' என்று கூற நம்மில் யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் இரண்டு. குணங்குடியாரின் கண்ணிகளையும் பீர் முகம்மது அப்பாவின் பாடல்களையும் அடுத்த ஆண்டு விழா மேடையில் ஆழ்வார் பாசுரங்களோடு ஒருங்கு இசைக்கச் செய்க. ரேவதியின் நூல்களை நம் நூலகத்தில் பூட்டிய அலமாரியில் வையாது, பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் வைக்க. அவற்றை யார் எடுத்துப் படிக்கின்றனர் என்று எவரும் உற்றுப் பார்க்க வேண்டா. படிப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தான் பேச வந்ததை நாம் கேட்போமா என்று நம் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். அப்போது அப்பிள்ளைக்கு நாம் காட்டும் முகமே, நாம் பாடல்களை எவ்வளவு புரிந்து படித்தோம் என்பதைக் காட்டும்.